ஒரு ஸ்பேனருக்காக

"தங்கச்சி, உங்க வண்டியில என் ஸ்பேனர் மாட்டிக்கிச்சு. எனக்கு அது உடனே வேணும்."

வெல்டர் போனில் இப்படிச் சொன்னதும் தச்சரின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி பதினொன்றரை. ஓடிக்கொண்டிருந்த பிக்கப்பின் பின்னால் பன்னிரண்டு மரக்கதவுகள். இரண்டு மணிக்குள் மலைமேல் இருக்கிற ஹோட்டலில் இறக்காவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பெரிய ஆர்டர் என்று வந்ததே இதுதான்.

"சாயங்காலம் கொண்டாந்து தர்றோம்ணே. இப்ப திரும்ப முடியாது."

"வண்டியை யாரு ஓட்டுறா? தம்பியா?"

"ஆமாண்ணே. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

வெல்டர் அடுத்து தச்சரிடமே பேசினார்.

"தம்பி, அது வெளிநாட்டு ஸ்பேனர். அடிச்சட்டத்து மேல வெச்சு மறந்துட்டேன், குலுங்கினா விழுந்துடும். ஆக்சிலேட்டரை மெதுவா விடுங்க. இருபதுலயே போங்க. பள்ளத்துல விடாதீங்க. பிரேக்கை சட்டுனு போடாதீங்க. பாலம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் வரும், அங்க ஒதுக்குங்க. நான் வர்றேன். அது தொலைஞ்சா இனி உங்க வண்டியை நான் தொடமாட்டேன்."

அந்த மிரட்டல் வேலை செய்தது. நாற்பது வயது பிக்கப் அது. தச்சரின் அப்பா ஓட்டியது. போகிற வருகிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள்; ரிப்பேர் என்றால் ஒருத்தரும் கிட்டே வரமாட்டார்கள். அடிச்சட்டம் இரண்டு பக்கமும் விரிசல் விட்டு, இரும்புப் பட்டை வைத்துப் பலப்படுத்த வேண்டும் என்றபோது நாலு பட்டறைகள் கையை விரித்துவிட்டன. இந்த வெல்டர் ஒருவர்தான் மூன்று நாள் அடியில் படுத்துக்கிடந்து, இன்று காலை வண்டியைக் கொடுத்தார்.

"கஞ்சன்யா. வளைஞ்ச ஆணியையே தட்டி நிமித்தி வெச்சுக்கிற ஆளு. ஸ்பேனரை விடுவானா?" போனை வைத்ததும் தச்சர் பல்லைக் கடித்தார்.

உளியைப் பிடித்தால் அவர் சிங்கம். ஸ்டீயரிங்கைப் பிடித்தால், கோழி குறுக்கே வந்தாலே வேர்த்துக் கொட்டும். பாலத்தில் ஒரு நாய் ஓடிவந்தது. அவர் கால் தூக்கிப்போட்ட மாதிரி பிரேக்குக்குப் போனது.

"ஏங்க, ஸ்பேனரு."

காலை எடுத்துவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து நாயைத் தாண்டினார். பின்னால் லாரிகள் காது கிழிய ஹாரன் அடித்தன. ஒரு சைக்கிள்காரன் அவர்களை முந்திப்போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

பங்க்கில் நாற்பது நிமிஷம் காத்திருந்தார்கள். அவள் பத்துத் தடவை மணி பார்த்திருப்பாள்.

வெல்டர் ஒரு வாடகை வேனில் வந்து இறங்கினார். நேராக பிக்கப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"கதவையெல்லாம் வேனுக்கு மாத்துங்க. நீங்க ரெண்டு பேரும் அதுலயே போயிடுங்க. வாடகை குடுத்துட்டேன். பிக்கப்பை நான் பட்டறைக்கு ஓட்டிட்டுப் போறேன்."

"என்னய்யா கூத்து இது?" தச்சர் கத்தினார். "ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போவியா, வண்டியைக் கேக்குறியா?"

"பாரம் இருக்கும்போது கை போகாது தம்பி. நேரமாகுது பாருங்க."

நேரம் என்றதும் தச்சர் அடங்கினார். திட்டிக்கொண்டே கதவுகளை மாற்றினார். பாதிக்கு மேல் வெல்டர்தான் சுமந்தார்.

தச்சர் வேனில் ஏறி உட்கார்ந்தார். சாவி மட்டும் அவள் கையில் இருந்தது. அதைக் கொடுக்க மனசு வரவில்லை. வளைந்த ஆணியை நிமிர்த்துகிறவன் வேனுக்கு வாடகை கொடுக்கிறான் என்றால் சும்மாவா? பழைய வண்டி வாங்குகிறவர்கள் நல்ல விலை தருகிறார்களாம். மாமனார் வண்டியை அமுக்கப் பார்க்கிறானோ?

"மொதல்ல ஸ்பேனரைக் காட்டுங்கண்ணே. அப்புறம் சாவி."

வெல்டர் வேனைத் திரும்பிப் பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்பேனரே கிடையாதும்மா. வலது பக்க விரிசலை வெல்டிங் வைக்கத் தோதா கிரைண்டர்ல அறுத்துத் திறந்தேன். பட்டையை நாலு புள்ளியில மட்டும் தற்காலிகமா ஒட்டவெச்சப்ப கரண்ட் போச்சு. அப்புறம் இடது பக்கத்தை முடிச்சுட்டு, இதையும் முடிச்சதா நெனச்சு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துட்டேன். வெல்டிங் குச்சி இவ்வளவு மிஞ்சுதேன்னு பார்த்தப்பதான் உறைச்சது. இப்ப நாலுல மூணு புள்ளி விட்டுப்போயிருக்கு. இவ்வளவு பாரத்தோட ஒரு தடவை அழுத்தி பிரேக் போட்டிருந்தா வண்டி ரெண்டா மடங்கியிருக்கும்."

பிக்கப்பைப் பிடித்துக்கொள்ளப் போனவள் பயந்து கையை எடுத்தாள்.

"இதை போன்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேண்ணே? அவரு வாய்க்கு வந்தபடியெல்லாம் உங்களைத் திட்டினாரே."

"சொல்லியிருந்தா, தம்பி அந்த நிமிஷமே பிரேக்கைத்தானேம்மா மிதிச்சிருப்பாரு?"