மூன்றாவது பொத்தான்

சாப்பாட்டு மேசையில் அன்று காலை நான்கு பேர். ஜன்னலோர நாற்காலியில், அடியில் தலையணை போட்டுக்கொண்டு டெய்லர். எதிரே, அவர் வாயையே பார்த்தபடி அவர் மனைவி டெய்லரம்மா. மேசை முனையில் காகிதமும் பேனாவுமாக மகள். வாசல் பக்கத்து முக்காலியில், ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை.

"மூணாவது பொத்தான் போட முடியல," என்றார் டெய்லர். "எப்படி இழுக்குது பாரு. உங்கம்மா ஊட்டி ஊட்டியே என்னை ஊதவச்சுட்டா."

மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. டெய்லரம்மா மட்டும் தலை நிமிராமல் அவித்த முட்டையை நறுக்குவதில் மும்முரமானாள்.

புற்றுநோய் வந்ததிலிருந்து டெய்லர் உருகிக்கொண்டே போனார். மருந்து ஏறியதும் பசி போயிற்று. பசி போனதும் சதை போயிற்று. வெறும் நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு குத்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே, தொளதொளத்த சட்டைகளையெல்லாம் மிஷினில் போட்டு, இருக்கிற உடம்புக்குத் தக்கபடி தானே பிடித்துத் தைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் அளவு தப்பாமல் தைத்தவன், கொடியில் காய்கிற துணி மாதிரி நடமாட முடியுமா என்பது அவர் கட்சி.

சாப்பாடு என்றால்தான் வம்பு. நாற்பது வருஷம் வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே வேலை பார்த்ததற்கு, இப்போது எதைப் போட்டாலும் குண்டூசியாகவே ருசிக்கிறது என்பார். எடை மிஷினைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்னும் இளைத்தால் அடுத்த சுற்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டயட்டீஷியன் பெண், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொன்னாள். வாசனை குமட்டினால் ஆறவைத்து, பாலில் பால்பவுடர் கலந்து, எதிலும் ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேர்த்து. உள்ளே என்ன போயிற்று என்பதை வாராவாரம் எழுதி அனுப்பவும் சொன்னாள். போனில் கேட்டால் டெய்லரம்மா "நல்லா சாப்பிடறார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது அவளுக்கு அதற்குள் அத்துப்படி.

கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தே காலம் தள்ளியவள் டெய்லரம்மா. சட்டை இறுகினால் உடம்பு தேறுகிறது என்ற நம்பிக்கை வரும், நம்பிக்கை வந்தால் மனுஷர் வாயைத் திறப்பார் என்று கணக்குப் போட்டாள். மிஷின் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். எனவே மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயையும் திறந்துவிட்டு, கையாலேயே சட்டையின் இரண்டு பக்கமும் நூலளவு உள்ளே பிடித்தாள். சில நாள் கழித்து இன்னொரு நூலளவு.

பலித்தது. கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தவர், அன்று முட்டையை மிச்சம் வைக்கவில்லை. பால் டம்ளர் காலியாகத் திரும்பிவர ஆரம்பித்தது.

"இந்த வாரக் கடிதத்துல சட்டை இறுக்குதுன்னு எழுதிடட்டுமாப்பா?" என்றாள் மகள்.

டெய்லரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது ஆஸ்பத்திரி வரை போனால், அங்கே எடை பார்க்கும்போது குட்டு உடையும். அவர் மனசும் உடையும். சட்டைக் கதையெல்லாம் எதற்கு, சாப்பாட்டை மட்டும் எழுதினால் போதாதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"அதான்மா முக்கியம், எழுது," என்றபடி டெய்லர் ஒரு வாழைப்பழத்தை உரித்தார். நகம் வெட்ட வேண்டும் என்று நேற்று பிளேடும் மூக்குக்கண்ணாடியும் கேட்டு வாங்கிக்கொண்டு அறைக்குள் போனவர். நகம் அப்படியே நீண்டிருந்தது. மனுஷரின் சோம்பல் மட்டும் ஒரு கிராம்கூட இளைக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மகள் எழுதி முடித்ததும் டெய்லரே உறையை வாங்கி, எச்சில் தொட்டு ஒட்டி, துணிக்கு இஸ்திரி போடுவதுபோல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். ஆஸ்பத்திரித் தெருவில்தான் மாப்பிள்ளைக்கு வேலை. "பொத்தான் தெறிச்சு என் கண்ணைப் பதம் பார்க்கிறதுக்குள்ள கிளம்பறேன் மாமா," என்று கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டார். வழியனுப்ப மகளும் பின்னாலேயே போனாள்.

டெய்லரம்மாவுக்குத் தாங்கவில்லை. "என்னங்க, அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிடுங்க. சட்டையைப் பிடிச்சது நான்தான்."

"தெரியும். உன் கைத்தையல் எனக்குத் தெரியாதா?" டெய்லர் பழத்தைக் கடித்தார். "குழாயைத் திறந்துவிட்டு இவ்வளவு பாடுபடறாளேன்னுதான் குண்டூசியையெல்லாம் முழுங்கினேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. "அப்போ, தெரிஞ்சே ஏன் எழுதச் சொன்னீங்க?"

வெளியே மாப்பிள்ளையின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கடிதம் போய்விட்டது. டெய்லர் மூன்றாவது பொத்தானை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அது காஜாவை எட்டவில்லை.

"நீ பிடிச்சதை எல்லாம் நேத்தே பிரிச்சுட்டேன். இப்ப இறுக்கறது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்ப நான் போட்ட தையல்."