அப்பாவின் அரியர்

அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒன்பது வருடமாக பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். கல்லூரிக்காகக் கபடி ஆடும் மாணவரின் பிள்ளைக்கு அங்கே ஃபீஸ் கிடையாது. பாஸாகிவிட்டால் அவர் மாணவரும் இல்லை, ஆட்டமும் இல்லை. அதனால் ஒரே ஒரு அரியரை மட்டும் கட்டிக்காத்து வருகிறார். அண்ணனும் அக்காவும் அப்படித்தான் படித்து முடித்தார்கள். இப்போது நான். எங்கள் வீட்டை விற்றாலும் ஒரு செமஸ்டருக்குப் போதாது.

இந்த முறை எங்களிடம் தோற்றுப்போன கல்லூரிக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். அப்பா வேண்டுமென்றே ஃபெயிலாகிறாராம். தகுதிக் குழு எங்கள் இருவரையும் கூப்பிட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

"உங்கப்பாவுக்கு நெஜமாவே கணக்கு வராதாம்மா?" என்று குழுத் தலைவர் என்னைக் கேட்டார்.

அப்பா முழங்கால் உறையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

"வராது சார். எவ்வளவு படிச்சாலும் மண்டையில ஏறாது."

"அப்ப வீட்ல உனக்குக் கணக்கு யாரு சொல்லித் தந்தா?"

"யாருமில்ல சார்."

தலைவர் கையெழுத்துப் போட்டார். அப்பா இன்னும் ஒரு வருடம் ஆடலாம்.

வெளியே படியிறங்கும்போது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சின்ன வயதில் பதினாறாம் வாய்ப்பாட்டை நான் ஒப்பித்து முடித்ததும் சொல்வாரே, அதே குரலில் சொன்னார்.

"ஒரு தப்பில்லாம சொல்லிட்ட கண்ணு."