திட்டான்

"எவன் எழுதுனானோ அவன் இங்க வந்து நிக்கணும். அதுவரைக்கும் எம் பொண்ணு மணவறைக்கு வராது!"

சுப்பராயலு போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் பாதியில் நின்றது. மண்டபத்தில் இருந்த கூட்டம் முழுக்க மணமகள் அறை வாசலுக்கு வந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான்.

அறைக் கதவில், தாம்பூலத் தட்டுச் சுண்ணாம்பால், கொட்டை எழுத்தில் ஒரே ஒரு சொல். 'திட்டான்'.

கொள்ளிடத்துக்கு நடுவில் இருக்கிற புன்னைத்திட்டுதான் சுப்பராயலுவுக்கு ஊர். சுற்றிலும் ஆறு, படகை விட்டால் வழி கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள், "என்னடா திட்டான், சாப்டியா?" என்று தோளில் கைபோட்டுக் கேட்டுக்கொள்வார்கள். அதையே கரையில் இருக்கிறவன் சொன்னால் அர்த்தமே வேறு. வெள்ளம் வந்தால் சட்டிபானையோடு ஓடிவந்து பள்ளிக்கூடத்தில் படுக்கிறவன், சோற்றுப் பொட்டலத்துக்குக் கை நீட்டுகிறவன் என்று அர்த்தம். எட்டாவது படிக்கும்போதே இந்தச் சொல்லுக்காக ஒருத்தன் பல்லை உடைத்தவர் சுப்பராயலு.

"சம்பந்தி, கொஞ்சம் பொறுமையா..." என்று மாப்பிள்ளையின் அப்பா ஜெயப்பிரகாஷ் கெஞ்சினார்.

"இன்னும் என்னாத்தப் பொறுக்கறது? பத்திரிகையில எங்க ஊர் பேரு வேணாம், சிதம்பரம்னு போடுங்கன்னீங்க. போட்டேன். எங்க பசங்க கட்டுன பேனர்ல ஊர் பேரு இருக்குன்னீங்க. அதையும் கழட்டிட்டேன். அப்பறம் இது வேறயா?"

"சாமி சத்தியமா நாங்க யாரும் எழுதலைங்க" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன் அன்புமணி.

"பின்ன, கதவு தானா எழுதிக்கிச்சா?"

புன்னைத்திட்டு இளவட்டங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஒரு நாற்காலி சரிந்தது. ஒரு அடி விழுந்தால் போதும், கல்யாணம் நின்றுவிடும். விட்டுக்கொடுத்தாலோ மானம் போய்விடும்.

மனைவி ஜெயராணி அவர் கையைப் பிடித்தாள். "நம்ம பொண்ணு அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கிச்சு. ஊர் பேரையே வெளில சொல்லக்கூடாதுங்கறவருகிட்ட எப்புடிப்பா வாழறதுன்னு மூணு வாட்டி கேட்டுச்சு. நீங்கதான் காதுலயே போட்டுக்கல."

"இப்ப எதுக்குடி அந்தப் பேச்சு?" என்று எரிந்து விழுந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை ராஜ்கமலே வந்தான். அவன் பார்வை அடிக்கடி மண்டப வாசலுக்குப் போய் வந்தது.

"மாமா, யாரு எழுதியிருந்தாலும் எங்க தப்புதான். மன்னிச்சிடுங்க. சீக்கிரம் அழிச்சிடலாம். கடலூர்லேந்து ஆபீஸ் ஆளுங்க வர்ற நேரம். அவுங்க பாத்துடக்கூடாது."

ஜெயப்பிரகாஷும் கை கூப்பினார். அப்பாடா என்றிருந்தது சுப்பராயலுவுக்கு. சபையில் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள், வேறென்ன வேண்டும்?

"சரி விடுங்க. நானே அழிக்கறேன்" என்று துண்டை நனைத்துக்கொண்டு கதவருகே போனார்.

கோபத்தில் சொல்லை மட்டும் பார்த்தவர், இப்போதுதான் அதற்கு அடியில் பார்த்தார். ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மூன்று புள்ளி.

வெள்ளம் வடிந்ததும், தண்ணீர் எதுவரை ஏறியது என்று புன்னைத்திட்டில் வீட்டுக்கு வீடு கதவில் சுண்ணாம்பால் இப்படித்தான் அடையாளம் போடுவார்கள். போடுவது அந்த வீட்டுப் பெண்பிள்ளை. கரையில் இருக்கிற எவனுக்கும் இந்தப் பழக்கம் தெரியாது.

துண்டோடு போன கை அப்படியே நின்றது. பாதி திறந்திருந்த கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நின்ற மகள் கயல்விழியைப் பார்த்தார். அவளுடைய ஆள்காட்டி விரல் நகத்தில் சுண்ணாம்பு. அவள் அதை மறைக்கவில்லை. கண் தளும்ப அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாட்டி கேட்டும் அசையாத அப்பன் இந்த ஒரு சொல்லுக்கு எழுந்து நிற்பான் என்று தெரிந்து வைத்திருக்கிறாளே, பாவி மகள்!

சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்கதான் எங்கள மன்னிக்கணும் சம்பந்தி. உங்க ஆளுங்க யாரும் எழுதல, எம் பொண்ணுதான் எழுதியிருக்கு" என்று கும்பிட்டுவிட்டு, தன் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "டேய் திட்டானுங்களா! படகுக்குப் போன் போடுங்கடா. பாப்பாவக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போவலாம்!"