எலிகளுக்குப் பெயர் வைத்தவள்

மொசாம்பிக்கிலிருந்து வந்த மரப்பட்டைக் கஷாயம் எலிகளின் கால்வீக்கத்தை இம்மியும் குறைக்கவில்லை. "வேலைக்கு ஆகலைன்னு எழுதி முடிச்சிடும்மா" என்றார் பேராசிரியர். ஆய்வு மாணவி யாழ்மொழி அசையவில்லை. நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று பட்டையை அனுப்பிய வைத்தியர் எழுதியிருந்தார்.

"நாம நம்பர் சொல்லித்தான சார் கொடுத்தோம்."

"அப்ப எலிக்கு ஆதார் கார்டும் எடுத்துடலாமா?"

"பேர் போதும் சார்."

மறுநாளே முதலிலிருந்து தொடங்கினாள். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் குடிக்கும் எலிகளுக்கும், ஓரவஞ்சனை கூடாதென்று, பெயர் வைத்தாள். ஐந்தாம் நாள் "அல்லிராணி" என்று கூப்பிட்டதும், வீங்கிய காலோடு சுருண்டு கிடந்த எலி எழுந்து கம்பியருகே நடந்து வந்தது. அது கஷாயமே தொடாத, வெறும் தண்ணீர் குடித்த எலி. யாழ்மொழி அதை அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.