பஜ்ஜிக்கு முன் புக்மார்க்

ஜாதகப் பொருத்தம் போய் புக்மார்க் பொருத்தம் வந்துவிட்டதால், பெண் பார்க்க வருபவர்கள் முதலில் பிரவுசரைத்தான் திறக்கிறார்கள். போட்டோவிலேயே மாப்பிள்ளை எழிலனை எனக்குப் பிடித்துவிட்டது. காலையிலேயே சமையல், கோலம், யோகா என்று என் புக்மார்க்குகளைத் தனித்தனியாக அடுக்கிவைத்தேன். அவசரத்தில், சேமித்திருந்த ஒரு தேடல் சமையலுக்குள் போய்விட்டது.

எழிலனின் அம்மா அதைச் சுவர்த்திரையில் திறந்து உரக்கப் படித்தார்: "மாப்பிள்ளை மீசையைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அடக்குவது எப்படி?"

"கெளம்பலாம்," என்று அவர் எழுந்தார்.

"இருங்க அத்தை, உங்க புள்ளையோடதயும் பாத்துடுவோம்," என்றாள் என் தங்கை யாழினி.

"ஐயோ, அத மட்டும் தொறக்காதீங்க!" என்று எழிலன் பாய்வதற்குள், 'ஆபீஸ்' என்ற பகுதி திரையில் விரிந்தது. உள்ளே ஒரே தேடல்: 'கூச்சப்படும் பெண்ணைச் சிரிக்க வைப்பது எப்படி?'

நான் வெடித்துச் சிரித்தேன். அவன் அம்மா மறுபடி உட்கார்ந்து, பஜ்ஜித் தட்டை இழுத்துக்கொண்டார்.