தூரமா?

அல்மாட்டியில் பனிக்கு நடுவே நின்று முதல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் வந்தது.

திரையில் அவர் முகம். புளியமரத்தடியில் நின்று முறைக்கும் பழைய போட்டோ. வாட்ஸப்பில் அழைக்கிறார். அப்படியென்றால் ஊருக்கு மேலே இருக்கிற பாறைவரை ஏறியிருக்கிறார். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அங்கே மட்டும்தான் டவர் கிடைக்கும்.

"எடுக்காதடி" என்றாள் கூட வந்திருந்த தோழி தேவயானி.

எடுக்காவிட்டால் அவர் பாறையைவிட்டு இறங்க மாட்டார்.

நான் கஜகஸ்தானில் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறு என்பார். நானும் ஏறிவிடுவேன். போன வருஷம் வெளிநாடு என்று வாயெடுத்ததற்கே, "கல்யாணம் ஆயி உன் வூட்டுக்காரனோட போ, நான் இன்னா கேக்கவா போறேன்?" என்று முடித்துவிட்டார்.

ஆனால் நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அது வராது. பொய் சொன்னால் சிரிப்பு வந்துவிடும். அப்பாவுக்கும் அது தெரியும்.

அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கிளம்புகிறவர்களைப் பார்த்து 'எங்கே' என்று கேட்கக் கூடாது. ஊருக்கெல்லாம் அது வழக்கம். அப்பாவுக்கு அது சட்டம். ஒருமுறை புளிமூட்டையோடு போளூருக்குக் கிளம்பியவரை, அம்மாவின் தம்பி வாய்தவறி எங்கே என்று கேட்டுவிட்டார். அப்பா மூட்டையை இறக்கி வைத்தார். வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். சற்று உட்கார்ந்தார். எழுந்து, புதிதாகக் கிளம்புகிறவர்போல மறுபடி கிளம்பினார்.

அதற்குள் அன்றைக்கு இருந்த ஒரே பஸ்ஸும் போய்விட்டது. அடுத்த பொங்கல்வரை மாமாவோடு அவர் பேசவில்லை.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் அனுமதி உண்டு: தூரமா?

இந்தச் சட்டத்தின் சந்து வழியாகத்தான் நான் நாட்டைவிட்டே வெளியேறினேன்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது அப்பாதான் மோர் கொடுத்தார். ஆபீஸ் வேலைக்கு என்று நினைத்துக்கொண்டார் போல. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முந்தாநாள் விடிகாலையில் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முறுக்கு டப்பாவை நீட்டிய அம்மா, "எ..." என்று ஆரம்பித்தாள். அப்பா முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிவிட்டாள்.

"தூரமா?" என்றார் அப்பா.

"கொஞ்சம் தூரந்தாம்ப்பா. தேவயானியோட. ஒரு வாரம்."

தலையாட்டினார். தன் தலையிலிருந்த மங்கி குல்லாவைக் கழற்றி என் பைக்குள் திணித்தார். மலையிலிருந்து கீழே வெயிலுக்கு இறங்குகிறவளுக்குக் குல்லா எதற்கு? வாதாடினால் பேச்சு வளரும் என்று பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில்தான் ஆபத்து இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அப்பா. உள்ளே கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எங்கம்மா போவணும்?" என்றார்.

"கெளம்பற புள்ளைய எங்கன்னு கேக்கறியே, உருப்படுமாய்யா?" அப்பா வெளியிலிருந்து கத்தினார்.

"கேக்காம எப்டிங்க டிக்கெட் குடுக்கறது?"

"ஆலங்காயம்" என்றேன். உண்மைதான். அங்கேதான் தேவயானி காத்திருந்தாள். அதற்குப் பிறகு வாணியம்பாடி, பெங்களூரு, டெல்லி. டெல்லியில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறவரும் எங்கே என்றுதான் கேட்டார். கண்டக்டர் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவருக்குச் சந்தேகம் வந்து இன்னும் நாலு கேள்வி கேட்டார்.

பள்ளிக்கூட நாளிலிருந்து நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி பெய்துகொண்டே இருக்கும். வெள்ளை மரங்கள் நிற்கும். யாராவது ஒருத்தி கம்பளிக் கோட்டோடு ரயிலேறிப் போய்விடுவாள். ஒருத்தியும் அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனதில்லை.

இப்போது என் எதிரே அதே பனி, அதே வெள்ளை மரங்கள். காது மட்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. எந்த மொழிபெயர்ப்பாளரும் அதைச் சொல்லவில்லை.

தேவயானிக்கு வேறு குறை. இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருத்தியவள், "விடிய விடியப் பறந்து வந்தும் அரை மணி நேரந்தான் வித்தியாசமாடி? ஏமாத்திட்டானுங்க" என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போதுதான் 'எங்கே' கூடாது. போய்ச் சேர்ந்த பிறகு தாராளமாகக் கேட்கலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை, யோசிப்பதைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

எடுத்தேன்.

"சேந்துட்டீங்களா?"

"சேந்துட்டோம்ப்பா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்." முறுக்கைத்தான்.

தேவயானி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். இப்போது கேட்கப் போகிறார். முதல் நாளே எல்லாம் முடிந்தது. பனியை இன்னும் கையால்கூடத் தொடவில்லை.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அங்க இப்ப மணி இன்னா ஆவுது?"

நான் தேவயானியைப் பார்த்தேன். நம்ம ஊர் நேரத்தைச் சொல்லு என்று அவள் வாயசைத்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"அரை மணி கம்மிப்பா."

போனில் பாறைமேல் அடிக்கிற காற்று இரைந்தது.

"அவ்ளோதானா? அப்ப ஒண்ணும் தூரமில்ல" என்றார் அப்பா. "குல்லாவ எட்த்து போட்டுக்க."