கை அசையும் அளவு

வயலின் வாசித்து வாசித்தே செண்பகாவின் வலது கைத் தசைநார்கள் புண்ணாகிவிட்டன. மருத்துவர் மாட்டிவிட்ட உறை கையின் ஒவ்வொரு அசைவையும் அளந்தது. ஒரு நாளைக்கு அனுமதித்த அளவு முடிந்ததும் இறுகி, மறுநாள் காலை வரை கையை அசையவிடாது. அதனால் கச்சேரி நாட்களில் அவள் இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சாப்பிட்டாள்.

அன்று கச்சேரிக்குக் கிளம்பும்போது மகள் தியா சீப்போடு வந்து நின்றாள்.

“நீ தலை பின்னிவிட்டு ஆறு மாசம் ஆச்சும்மா. இன்னிக்கு என் பொறந்தநாள்.”

செண்பகா அவளை உட்காரவைத்து, நிதானமாக இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள்.

மேடையில் கடைசிப் பாட்டின் நடுவே உறை இறுகியது. வில் நின்றது. பாடகர் குனிந்து, “வலிக்குதாம்மா?” என்றார்.

“இல்லண்ணா. இன்னிக்கு இவ்வளவுதான்.”

வயலினை மடியில் கிடத்திவிட்டு, மீதிப் பாட்டை அவரோடு சேர்ந்து பாடினாள். வருத்தம் வரவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.